ஹெல்சின்கிப் பெட்டியும் கொங்கு வீடுகளும்

வெள்ளி, சேலம்

பெட்டியில் இருப்பவை இவை: பிரிங்கிள்ஸ் சில குழாய்கள், கொரியாவின் புல்டாக் நூடுல்ஸ் ஒரு கட்டு, சாக்கோ பை, வறுத்த கடற்பாசித் தாள், துபாய் விமான நிலையத்தில் வாங்கிய பிஸ்தா சாக்லேட், அப்புறம் 'சால்மியாக்கி' என்று அட்டையில் போட்ட கருப்பு மிட்டாய். ஹெல்சின்கியில் இருக்கும் என் நாத்தனார், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்த தோழியிடம் கொடுத்தனுப்பியது. கூடவே வாட்சப்பில் ஓர் உறவுப் பட்டியல், சேலத்தில் தொடங்கி ஆனைமலை வரை. "கூரியர்ல போட்டா நல்லா இருக்காதுங்க அண்ணி, நேர்ல கொடுத்தாத்தான் மரியாதை" என்று ஒரு குரல் செய்தி. கும்பகோணத்தில் பிறந்து கொங்குக்கு மருமகளான எனக்கு இது பழகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் காப்பித் தூள்கூட நேரில்தான் போகும்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அரையாண்டு விடுமுறை. அவள் வேறொரு திட்டத்தோடு கிளம்பினாள். வெளிநாட்டுத் தின்பண்டத்தை முதன்முதலாக வாயில் போடுகிறவர்களின் முகத்தைப் படம்பிடிக்கும் வீடியோக்கள் இருக்கின்றனவே, அதுபோல உறவுக்காரர் ஒவ்வொருவர் முகத்தையும் எடுத்து ஒரே வீடியோவாக்க வேண்டுமாம். அந்த வகை வீடியோக்களை அவளோடு உட்கார்ந்து நானும் ரசித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் தின்பண்டம் வெறும் சாக்கு. மென்ற பிறகு, நல்லதா கெட்டதா என்று சொல்ல வாய் திறப்பதற்கு முன், ஓரிரு நொடி முகம் தன் பாட்டுக்கு ஏதோ செய்யும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு கூட்டம்.

கோவை எக்ஸ்பிரஸில் சேலம். சேலம் கொங்கில் சேருமா சேராதா என்று சண்டைக்கு வராதீர்கள். எங்கள் பட்டியலில் சேலம் முதலில் இருந்தது, அவ்வளவுதான்.

அம்மாப்பேட்டையில் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட அக்கா வீடு. அவருடைய கணவர் வணிக வரித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிங்கிள்ஸை ஒன்று எடுத்து வாயில் போட்டார். மகள் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயின் முதுகைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, கெழங்குன்னு படம் போட்டிருக்குது, உள்ள என்னென்னமோ மாவெல்லாம் இருக்குதுங்களே?"

அவருக்கென்றே ஒரு கதை என்னிடம் இருந்தது. இங்கிலாந்தில் பெரும்பாலான உணவுப் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. ஆனால் உருளைக்கிழங்குச் சிப்ஸுக்கு உண்டு. அப்போது பிரிங்கிள்ஸை வைத்திருந்த ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், இது சிப்ஸே இல்லை என்று வழக்காடியது. இதில் கிழங்கு சுமார் 42 சதவீதம்தான், மற்றது மாவும் எண்ணெயும், பிசைந்து அச்சில் வளைத்துச் செய்வது, இந்த வடிவம் எந்தக் கிழங்கிலும் கிடைக்காது என்பது அவர்கள் வாதம். 2008இல் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளி, இது சிப்ஸ்தான், வரி கட்டு என்றது. பத்து கோடி பவுண்டு அளவுக்கான பணம் அந்தத் தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. "நானா இருந்தா மொத நாளே அசெஸ்மென்ட் போட்டிருப்பேன்" என்றார். மகள் அதற்குள் கேமராவை அணைத்திருந்தாள்.

சாயங்காலம் ராஜகணபதி கோயில் பக்கம் தட்டுவடை செட். ஒரு தட்டுவடை, அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மூடியாக இன்னொரு தட்டுவடை. கடைக்காரர் கையில் கொடுத்த நொடியில் வாய்க்குப் போக வேண்டும். நின்று படம் எடுத்தால் சட்னி ஊறி நமுத்துப்போகும். மகள் எடுத்தாள், நமுத்தது. மொறுமொறுப்பில் காதுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை ஆக்ஸ்போர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் என்ற உளவியலாளர் தன் சகாவோடு சோதித்துப் பார்த்து 2004இல் எழுதினார். ஆட்களை மைக் முன்னால் உட்காரவைத்து பிரிங்கிள்ஸைக் கடிக்கச் சொல்லி, அந்தச் சத்தத்தையே அவர்கள் காதில் மாட்டிய ஹெட்போனில் ஏற்றியும் இறக்கியும் விட்டார்கள். சத்தத்தைக் கூட்டியபோது அதே வறுவல் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கிறது என்றார்களாம். சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது. தின்பண்ட வீடியோக்காரர்கள் மைக்கை வாய்க்குள் திணிக்காத குறையாக வைத்துக்கொள்வதன் சூட்சுமம் இதுதான். அந்தச் சத்தத்தில் நமுத்த தட்டுவடையையும் விற்றுவிடலாம்.

சனி, பள்ளிபாளையம்

காவிரிக்கு இந்தப் பக்கம் பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டம், பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. பெரியத்தை வீட்டில் வந்த விருந்துக்குப் பள்ளிபாளையம் கோழி. ஊர்ப் பெயரில் உள்ளதை அந்த ஊரிலேயே தின்பதில் ஒரு தனித் திருப்தி. மசாலாப் பொடி எதுவும் போடுவதில்லை. சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், கோழி. இவ்வளவுதான், ஆனால் மிளகாய் கை நிறைய.

பக்கத்து அடுப்பில் மகள் புல்டாக் நூடுல்ஸ் கிளறினாள். சம்யாங் நிறுவனம் 2012இல் கொண்டுவந்தது. இதைத் தின்று முடிக்கிற பந்தய வீடியோக்கள்தான் இதை உலகம் சுற்ற வைத்தன. டென்மார்க் அரசின் உணவுத் துறை 2024 ஜூனில், காரம் அளவு மீறி உடம்புக்கு ஆபத்தாகலாம் என்று இதில் மூன்று வகைகளைக் கடைகளில் இருந்து திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதமே அவற்றில் இரண்டை விற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியே பெரிய விளம்பரமாகிப்போனது.

பெரிய மாமா ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றார். நெற்றியில் வியர்வை, காது மடல் சிவந்துவிட்டது. முகம் மட்டும் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்ததுபோல் அப்படியே இருந்தது.

"எப்படி இருக்குங்க அப்பாரு?" என்று மகள்.

"பரவால்லீங்க அம்மிணி."

இந்தப் 'பரவால்லீங்க'வுக்குள் பிரமாதமும் அடக்கம், இனி இதை என் கண்ணில் காட்டாதே என்பதும் அடக்கம். வீடு தேடி வந்தவர் கொண்டுவந்ததை நன்றாக இல்லை என்று கொங்கு வீடுகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் மகளோ கும்பகோணத்துத் தாய்வழிப் பாட்டியின் முகபாவங்களைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே இட்லியில் உப்பு ஒரு கல் குறைந்தால்கூட முகம் அஷ்டகோணலாகும்.

கொஞ்ச நேரம் கழித்து, மோர் குடித்து முடித்தபின் பெரிய மாமா தாமாகவே சொன்னார்: "காரம் சரிங்க. காரத்துக்குள்ள எதுக்குங்க சக்கரை?" அதுதான் விஷயம். கொரியக் காரம் இனிப்போடு உள்ளே வந்து, வந்தபின் கதவைச் சாத்திக்கொள்கிறது. உறைப்பு உண்மையில் ஒரு சுவையே அல்ல, சூட்டை உணரும் நரம்பு வாயிலைத்தான் மிளகாய் தட்டுகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு. தண்ணீர் குடித்தால் அடங்காது, பால் பொருள்களில் உள்ள புரதம் மிளகாயின் எண்ணெய்ச் சத்தைப் பிடித்து இழுத்துப் போகும். பெரியத்தைக்கு நோபல் தெரியாது, மோர்ப் போசியை முதலிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்.

சாக்கோ பையை அந்த வீட்டுப் பேரன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எங்க ஸ்கூல் பக்கத்துக் கடையிலயே இருக்குதுங்க" என்றான். இருக்கும்தான். கொரியாவின் லொட்டே நிறுவனம் 2004இல் நம்ம ஊர் பாரீஸ் மிட்டாய்க் கம்பெனியை வாங்கி, பிறகு சென்னைப் பக்கமே சாக்கோ பை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஹெல்சின்கியில் வாங்கியதில் ஜெலட்டின் என்று போட்டிருந்தது. இங்கே செய்வதில் அதற்குப் பதில் கடற்பாசிச் சத்து, அட்டையில் பச்சைப் புள்ளி. ஆகையால் சைவக்காரர்களுக்குப் பெட்டிக்கடைச் சரக்கே உத்தமம். பையன் தின்னாமல் விடவில்லை.

ஞாயிறு, காங்கயம் பக்கம்

சென்னிமலை வழியாக வந்தோம். பயணத்தில் நான் எதிர்பார்த்திருந்த நாள் இது. வீட்டுக்காரரின் அப்பத்தா, எங்கள் எல்லோருக்கும் ஆத்தா, எண்பதைத் தாண்டியவர், தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். காங்கயம் நெருங்கும்போதே சாலையோரக் களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருக்கும் வாசனை. அதைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட கொரங்காடுகள் என்கிற மேய்ச்சல் நிலங்கள், நடுவே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல் மேயும் காங்கயம் மாடுகள். மார்கழி ஈரத்தில் எல்லாம் பச்சையாக இருந்தது. சித்திரையில் வந்து பார்த்தவர்களுக்கு இது அதே இடம் என்றே தெரியாது.

வழியில் சிவன்மலை. அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்லுவார், அவர் வந்து கோயிலில் சொன்னதும் சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவானால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுதான். வைத்த பொருளுக்கு நாட்டில் ஏதோ நடக்கும் என்று நம்பிக்கை, விலை ஏறும் என்பார்கள், இறங்கும் என்பார்கள். மகள் தோளில் நம்ம பெட்டி. "இதுல ஏதாவது அவரு கனவுல சொன்னா என்னம்மா ஆகும்?" என்றாள். நவீன முருகன் எதையும் சொல்லக்கூடும்.

சால்மியாக்கி பற்றிச் சொல்ல வேண்டும். பின்லாந்துக்காரர்களின் செல்ல மிட்டாய். அதிமதுரச் சத்தும் அம்மோனியம் குளோரைடும் சேர்ந்தது. உப்பும் கரிப்பும் ஒருவிதக் காட்டமும் சேர்ந்து மூக்கு வரை ஏறும். பழகாதவர் வாயில் போட்டால் துப்பாமல் இருப்பது கஷ்டம். அதனால்தான் வெளிநாட்டுத் தின்பண்ட வீடியோக்களில் இதற்கு நிரந்தர இடம். சென்னையில் நான் ஒன்று போட்டுப் பார்த்தபோது மகள் எடுத்த படத்தை இங்கே போடப்போவதில்லை.

ஆத்தா ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே கைபேசியை ஒரு சொம்பின் மேல் சாய்த்துவைத்தாள். ஆத்தா அந்தக் கருப்புத் துண்டை விரலில் உருட்டி, முதலில் மோந்து பார்த்தார். அப்புறம் வாயில் போட்டார். நாங்கள் காத்திருந்தோம். அவர் சப்பினார். கண் லேசாகச் சுருங்கி ஏதோ தூரத்தில் இருப்பதைத் தேடுகிற பாவனை. அவ்வளவுதான்.

"நவச்சாரம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மோனியம் குளோரைடுதான் நவச்சாரம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அட்டையில் இருப்பது பின்லாந்து மொழி.

"ஈயம் பூசறவன் வந்தா இந்த வாசந்தான் அடிக்குங் கண்ணு."

அதற்குப்பின் அரைமணி நேரம் ஆத்தாதான் பேசினார். வருஷத்துக்கு ஒரு தடவை, தை நோம்பிக்கு முன்னால், ஈயம் பூசுகிறவர் ஊருக்கு வருவார். வேப்பமரத்தடியில் குழி வெட்டி, துருத்தி வைத்து, அடுப்புக்கரி மூட்டுவார். வீட்டுக்கு வீடு பித்தளைப் போசி, குண்டா, அண்டா எல்லாம் வரிசையாகப் போகும். பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவி, பழந்துணியால் ஒரு தேய். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பும், சின்னப் பிள்ளைகள் இருமிக்கொண்டே அதில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்புறம் ஈயக் கம்பியை ஓர் இழுப்பு, மறுபடி துணியால் ஒரு சுற்று. கருத்துக் கிடந்த பாத்திரத்தின் உள்புறம் ஒரு கணத்தில் வெள்ளியாகிவிடும். "கண்ணாடி பாத்தாப்ல மூஞ்சி தெரியும்" என்றார். நவச்சாரம் சூட்டில் பிரிந்து உலோகத்தின் மேலிருக்கும் களிம்பைத் தின்றுவிடும், அதனால்தான் ஈயம் ஒட்டும். பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறி வயிற்றுக்கு ஆகாது. எவர்சில்வர் வந்தது, ஈயம் பூசுகிறவர் வருவதும் நின்றது.

பாதி கரைந்த மிட்டாயை வாயின் மறுபக்கம் தள்ளிவிட்டு ஆத்தா இன்னொன்றும் சொன்னார்: "உள்ளுக்குள்ள அதிமதுரம் இருக்குது. தொண்ட கட்டுனா வெத்தலையோட மெல்லுவோம்." இரண்டு சரக்கையும் பிரித்துச் சொல்லியாயிற்று. பின்லாந்திலும் இது முதலில் மருந்துக் கடைச் சரக்காகத்தான், இருமலுக்கு, இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் கிடப்பவை. ஒன்றாக்கி மிட்டாய் பண்ண நமக்குத் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்று கேட்டார், கொடுக்கவில்லை. அதிமதுரம் அதிகமானால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும், ஆத்தா பிரஷர் மாத்திரை போடுகிறவர். அமெரிக்காவில் உணவு மருந்துத் துறையே, நாற்பது வயதைக் கடந்தவர்கள் கருப்பு அதிமதுர மிட்டாயை நாளுக்குச் சுமார் ஐம்பத்தேழு கிராம் வீதம் இரண்டு வாரம் தின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று எச்சரித்திருக்கிறது. "நீ மட்டும் வெச்சுத் தின்னுக்கோ" என்று ஆத்தா என்மேல் கோபித்துக்கொண்டார்.

ராத்திரி மகள் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தாள். "வேஸ்ட்டும்மா. ஒரு ரியாக்‌ஷனும் இல்ல." நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. அந்த வீடியோக்கள் ஓடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தின்கிறவருக்கு அந்தப் பண்டம் யாரென்றே தெரியக்கூடாது. அந்நியத்தைக் கண்டு முகம் சுளித்தால்தான் காட்சி. ஆத்தா செய்தது அதற்கு நேர் எதிர். வாயில் போட்டதும் 'நீ யாரு வீட்டுப் புள்ள?' என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். சேலத்து அண்ணன் மாவு எத்தனை பங்கு என்று பார்த்ததும், பெரிய மாமா சக்கரையைப் பிடித்ததும்கூட அதுதான். விசாரணை மெதுவாக நடப்பது, கேமராவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மகளிடம் இதைச் சொன்னேன். தூங்கிப்போயிருந்தாள்.

திங்கள், திருப்பூர்

ஊத்துக்குளி தாண்டி வந்தோம். வெண்ணெய் வாங்காமல் வர முடியுமா? வாங்கியாயிற்று.

கொழுந்தன் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். திருப்பூரில் நாலு தையல் மெஷின் இருந்தாலும் கம்பெனிதான். பவர் டேபிளில் ஒரு வரிசை, செக்கிங்கில் சில பெண்கள், கைமடியாக, தைக்கிறவர்களுக்கு உதவியாக, இரண்டு பையன்கள். பீகார், ஒடிசா, தேனி, திருவாரூர் என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் ஆட்கள்.

துபாய் சாக்லேட்டை அங்கேதான் உடைத்தோம். துபாயில் 2021இல் சாரா ஹமூதா என்ற பெண் 'ஃபிக்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய கடையின் சரக்கு இது. கர்ப்பமாக இருந்தபோது அவருக்கு வந்த ஆசையில் பிறந்ததாம். உள்ளே பிஸ்தா விழுது, எள் விழுது, நூல்நூலாக வறுத்த கதாயிஃப் என்ற மாவு இழை. 2023 டிசம்பரில் ஒரு பெண் காரில் உட்கார்ந்து இதைக் கடிக்கிற டிக்டாக் வீடியோ வெளிவந்து, உலகமே பிஸ்தா பிஸ்தா என்று அலைந்தது. எங்களிடம் இருப்பது அந்தக் கடையினுடையது அல்ல, அதைப் பார்த்துப் பலரும் செய்வதில் ஒன்று. கொழுந்தன் ஒரு கடி கடித்துவிட்டு, "நம்ம பேக்கரியில சேமியாவ நெய்யில வறுத்துப் போட்டு இதே மாதிரி செய்யறாங்க அண்ணி, கால்வாசி விலை" என்றார். கைமடிப் பையன்களுக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் பங்குக்கு மேலும் போயிற்று.

டிக்டாக் இங்கே 2020 ஜூன் 29ஆம் தேதி தடையானது, மற்ற சீனச் செயலிகளோடு சேர்த்து 59. தறிக்கூடத்திலும் தைக்கிற இடத்திலும் இருந்து ஆடிப்பாடிக் கொண்டிருந்த எத்தனையோ பேர் ஒரே ராத்திரியில் தங்கள் ரசிகர்களை இழந்தார்கள். அந்த இடத்தைப் பிடிக்க யூடியூப் தன் ஷார்ட்ஸை அந்தச் செப்டம்பரில் முதலில் இந்தியாவில்தான் விட்டது. 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் சேனல், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அண்டா வைத்துச் சமைக்கிறவர்களுடையது. வயலில் ஒரு தாத்தா கத்திச் சொல்லும் சமையலுக்கு அவ்வளவு கூட்டம். இவர்கள் யாருக்கும் முகபாவம் தேவைப்படவில்லை என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "அது வேற கேட்டகிரிம்மா" என்று முடித்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் செக்கிங்கில் இருக்கும் தேனிக்காரப் பெண் தன் தூக்கைத் திறந்துவைத்து, எதிரே கைபேசியைச் சாய்த்து, சத்தமே இல்லாமல் ஒரு கொரியப் பெண் மலைபோல் குவித்துத் தின்னும் வீடியோவைப் பார்த்துக்கொண்டு புளிச்சோறு சாப்பிட்டாள். கொரியாவில் 2010 வாக்கில் நேரலையாக ஆரம்பித்த வகை அது, ஒருவர் உட்கார்ந்து தின்பதை மற்றவர் பார்ப்பது. இந்தப் பெருந்தீனி வீடியோக்கள் எனக்குப் பிடிக்காது. வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காசு பார்ப்பது. சத்தம் இல்லாமல் பார்த்து என்ன பயன் என்று கேட்டேன்.

"ரூம்ல தனியாத்தான்க்கா இருக்கேன். எதிர்ல ஒருத்தி சாப்பிட்டாத்தான் எனக்குச் சோறு இறங்குது. இங்க வந்தும் அதே பழக்கமாப் போச்சு."

அவளுக்கு அந்தக் கொரியப் பெண்ணின் பெயர் தெரியாது. தட்டில் இருப்பது என்ன என்பதும் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லையாம். நேற்று ராத்திரி நான் கட்டிய கணக்கில் இவள் எங்கே வருவாள் என்று இன்னும் யோசிக்கிறேன். ஆளுக்கொரு சாக்கோ பை கொடுத்தேன், அவளுக்கு இரண்டு.

செவ்வாய், கோவை

இங்கே என் கல்லூரித் தோழி வீடு. மகள் பபுள் டீ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தைவானில் 1980களில் வந்த பானம். நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று அங்கே இரண்டு கடைகள் பத்து வருஷம் வழக்காடி, 2019இல் இருவருக்கும் காப்புரிமை இல்லை என்று ஓய்ந்தது. தடித்த குழாயில் உறிஞ்சினால் கருப்பு உருண்டைகள் வாய்க்குள் வந்து விழுகின்றன. மரவள்ளி மாவு உருண்டைகள். ஒரு குவளையின் விலைக்குச் சேலத்தில் எத்தனை கிலோ ஜவ்வரிசி வரும் என்று என் தோழி கணக்குப் போட ஆரம்பித்தாள், நான் தடுத்தேன்.

ஜவ்வரிசியே ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சரக்குத்தான். மலேயாப் பக்கம் பனை வகை மரத்தின் சோற்றில் செய்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றதும், 1943 வாக்கில் சேலத்துக்காரர்கள் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு மாவைத் தொட்டிலில் குலுக்கி உருட்டி அதேபோலச் செய்து பார்த்தார்கள். அந்தக் குச்சிக்கிழங்கும் தென் அமெரிக்காவில் இருந்து வந்ததே. இன்று சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. துபாய் சாக்லேட்டுக்குள் சேமியா போடும் பேக்கரிக்காரரைப் போலி என்று சிரிக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. எண்பது வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்.

ராத்திரி தள்ளுவண்டிக் காளான். முட்டைக்கோஸ்தான் முக்கால்வாசி. அருமை.

புதன், ஆனைமலைப் பக்கம்

பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகள். சின்ன மாமனாருக்குக் கடைசிப் பொட்டலம், கடற்பாசி. டாப்ஸ்லிப் போய் யானை முகாமைப் பார்க்க மகளுக்கு ஆசை, இந்தத் தடவை முடியாது. யூடியூபில் ஏறிய முதல் வீடியோவே யானைதான் என்று ஆறுதல் சொன்னேன். 2005 ஏப்ரல் 23, அமெரிக்காவில் சான் டியாகோ மிருகக்காட்சி சாலை, யூடியூபை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் யானைகள் முன்னால் நின்று, இதுகளுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிறார். இருபது நொடிகூட இல்லை. யாரும் கத்தவில்லை, எதற்கும் வாய் பிளக்கவில்லை. "இத இன்னைக்குப் போட்டா பத்து பேர் பாக்க மாட்டாங்க" என்றாள் மகள்.

மாமா கடற்பாசித் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். "கருவாட்டு வாசம் வருது. ஆனா சைவங்கறீங்க." சைவம்தான். கடற்பாசியில் ஊறிய சாற்றின் ருசியைப் பிரித்துத்தான் 1908இல் ஜப்பானின் கிகுனே இகேடா அஜினோமோட்டோ உப்பைக் கண்டார். அதற்கெல்லாம் மாமா மசியவில்லை. "இது வெளையறதா, வெளைவிக்கறதா?"

வளர்ப்பதுதான், கடலில் வலை கட்டி. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு விஞ்ஞானியின் கதை. ஜப்பானில் நூற்றாண்டுகளாக இந்தப் பாசியை வளர்த்தார்கள், ஆனால் அதன் விதை எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கடலில் மூங்கிலும் வலையும் நட்டால் தானாக வந்து ஒட்டும், சில வருஷம் ஒட்டாது. போருக்குப் பிறகு விளைச்சல் படுத்துவிட்டது. இங்கிலாந்தில் கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற அம்மாள், தன் ஊர்க் கடற்கரைப் பாசியை ஆராய்ந்து, அது வாழ்க்கையின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓட்டுக்குள் ஒளிந்து கழிக்கிறது என்று 1949இல் எழுதினார். ஜப்பானியர் அதைப் படித்து, சிப்பி ஓடுகளில் நாற்றுவிடக் கற்றுக்கொண்டார்கள். அவர் ஜப்பானை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. குமமோட்டோ பக்கம் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்து ஏப்ரல் மாதம் விழா எடுக்கிறார்கள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "வெதை எங்க இருக்குதுன்னு தெரியாமயே அத்தன காலம் வெள்ளாம பண்ணுனாங்களா? அப்படிப் போடு!" ஓரிரு நொடி அல்ல, முழுசாக ஒரு நிமிஷம் அந்த முகம் திறந்தே இருந்தது. மகள் சமையற்கட்டில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மாமாவின் தோப்பில் முதலில் வெள்ளை ஈ வந்தது, பிறகு வாடல் நோய். இருநூறு மரத்துக்கு மேல் வெட்டிச் சாய்த்துவிட்டார். தினம் ராத்திரி வாடல் நோய் வீடியோக்களைப் பார்த்து அவற்றோடு சண்டை போடுவது அவர் வழக்கம் என்று சின்ன மாமியார் சொன்னார். வேப்பம்புண்ணாக்கு என்பான் ஒருவன், வேரில் மருந்து கட்டு என்பான் இன்னொருவன், "பொய்யி, பொய்யி" என்று இவர் கத்துவாராம்.

"ஏன் அம்மிணி, அந்த இங்கிலீசுக்கார அம்மா வீடியோ இருந்தா எடுத்துக் குடு" என்று என் மகளைக் கூப்பிட்டார். தேடினோம், ஜப்பானிய மொழியில்தான் அகப்பட்டது. பரவாயில்லை என்று அதையே இரண்டு தடவை பார்த்தார், சிப்பி ஓடு வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி. மீதிப் பாசியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். யாரும் தொடக்கூடாதாம். வெள்ளிக்கிழமை வேளாண்மை ஆபீசர் வரும்போது காட்டி, நம்ம தென்னையிலும் நோய் எங்காவது இப்படி ஒளிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டுமாம்.